கபடித் திடலில் விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் டீக்கடைத் தட்டியிலும் அந்த நோட்டீஸைப் பார்க்கலாம். 'மாபெரும் கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்து. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அவற்றை வழங்குவோரின் பெயர்கள், படங்கள். நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, தொடர்புக்கு நாலைந்து செல்போன் எண்கள். அடியில் பொடி எழுத்தில் விதிமுறைகள்: நடுவர் தீர்ப்பே இறுதியானது, அணிகள் குறித்த நேரத்துக்கு வந்துவிட வேண்டும், ஆட்டத்தில் ஏற்படும் காயங்களுக்கு முதலுதவி மட்டுமே செய்யப்படும், விழாக் கமிட்டி பொறுப்பல்ல.

இந்தக் கடைசி வரியை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. போன வருட நோட்டீஸில் இருந்தது, இந்த வருடமும் ஏறிவிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதுதான் சட்டமாக நடமாடுகிறது. கை ஒடிந்தவனும் கால் சவ்வு கிழிந்தவனும், பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பமும்கூட, 'அவங்கதான் நோட்டீஸ்லயே போட்டுட்டாங்களே' என்று எழுந்து போய்விடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. அதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதும் இல்லை.

கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் இரவுப் போட்டிகளை நின்று பார்த்திருக்கிறேன். திடல் போடுவதில் அந்த இளைஞர்கள் காட்டும் அக்கறை பெரிது. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சலித்த செம்மண்ணை மேலே பரப்பிச் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். ஆனால் கோட்டுக்கு வெளியே பாருங்கள். ஆண்கள் கபடிக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பிடிபட்டவன் திமிறும்போது ஐந்தாறு பேர் ஒரே மூட்டையாக எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் போய் விழுகிறார்கள். அங்கே இரண்டடி தள்ளி ஃபோகஸ் லைட் கட்டிய சவுக்குக் கம்பம் நட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஸ்கோர் எழுதுகிறவரின் இரும்பு மேசை. எதிர்ப்பக்கம் முக்கியப் பிரமுகர்களின் நாற்காலிகள், அவற்றுக்கு முன்னால் கோட்டைத் தொட்டுக்கொண்டு சம்மணமிட்ட சின்னப் பிள்ளைகள். மேடையில் மைக் செட், கோப்பைகள், சால்வைகள் எல்லாம் இருக்கின்றன. முதலுதவி என்று சொன்னது மேசைக்கு அடியில் இருக்கிறது: ஒரு வலி ஸ்ப்ரே, கொஞ்சம் பஞ்சு, ஒரு குடம் தண்ணீர்.

ஒருவன் எழுந்திருக்கவில்லை என்றால் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறார்கள். முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் கழுத்தெலும்பில் அடிபட்டவனை அப்படித் தூக்கினால், தப்பியிருக்கக்கூடிய தண்டுவடமும் போய்விடும். இதயம் நின்றவனுக்கோ முதல் சில நிமிடங்கள்தான் உயிர். உடனே நெஞ்சை அமுக்கத் தெரிந்த ஒருவரும், மின்னதிர்ச்சி கொடுக்கும் கையடக்க டிஃபிப்ரிலேட்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த அதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. இரவு பதினொரு மணிக்கு ஒரு கிராமத்துத் திடலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்ததைச் செல்போன் வைத்திருந்த எல்லோரும் பார்த்தோம். பாடிப் போன வீரர் துள்ளிக் குதித்து விழுகிறார். பிடிக்க வந்தவரின் முழங்கால் அவர் நெஞ்சில் படுகிறது. எழ முயன்று அப்படியே சரிகிறார். மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது உயிர் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். வென்ற கோப்பையையும் உடலோடு வைத்தே புதைத்தார்கள். நாடே அந்த வீடியோவைப் பார்த்து அழுதது. அதற்குப் பிறகு கிராமத்துத் திடல்களில் என்ன மாறியது என்று கேட்டால், என்னால் ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

சாவு செய்தியாகிறது. முழங்கால் செய்தியாவதில்லை. விருத்தாசலம் பக்கம் ஹாலோ பிளாக் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பியைச் சந்தித்தேன். தொடைப்பிடியில் மாட்டி, கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பியதில் முழங்கால் சவ்வு கிழிந்திருக்கிறது. முதலில் புத்தூர்க் கட்டு. வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்று மறுபடி ஆடப் போய், இரண்டாம் முறை விழுந்த பிறகுதான் ஸ்கேன். கல் தூக்கிப் பிழைப்பவனுக்குக் கால் நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்குக் கூட்டாளிகள் வாட்ஸ்அப்பில் பணம் திரட்டினார்கள். "கமிட்டிகிட்ட கேக்கலையா தம்பி?" என்றேன். "எப்படிண்ணே கேக்க முடியும்? எல்லாம் தெரிஞ்ச பசங்க. கேட்டா நாளைக்கு எங்க டீமையே ஆட விட மாட்டாங்க."

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? விளையாட்டில் இயல்பாகப் படும் அடிக்கு யாரையும் சட்டம் தண்டிப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87, இதைத்தான் சொல்கிறது. பொழுதுபோக்குக்காக வாள்பயிற்சி செய்ய இருவர் ஒப்புக்கொண்டால், முறைதவறாத ஆட்டத்தில் படும் காயத்துக்கும் அவர்கள் சம்மதித்ததாகவே பொருள் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. கபடிக்கும் அது பொருந்தும். பிடித்தவன் முட்டி நெஞ்சில் பட்டது என்பதற்காக அவனைக் குற்றவாளியாக்கக் கூடாது. அந்தப் பையனும் ஆயுசுக்கும் அந்த நொடியைச் சுமக்கப்போகிறவன்தான்.

ஆனால் அந்தச் சம்மதம் ஆட்டத்துக்குக் கொடுத்தது. கோட்டுக்கு இரண்டடியில் நட்ட கம்பத்துக்கு யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் இல்லாததற்கும், நெஞ்சு வலிக்கிறது என்றவனை 'இன்னும் ஒரு ரெய்டு' என்று இறக்கிவிடுவதற்கும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அது விளையாட்டின் ஆபத்து அல்ல, நடத்துகிறவரின் கவனக்குறைவு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய 304-ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. நோட்டீஸில் எந்த வரியை அச்சடித்தாலும் இந்தப் பிரிவு விலகாது. குற்றப் பொறுப்பை அச்சடித்துத் தள்ளுபடி செய்துகொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 25ஆம் பிரிவு பேசுவது 18 வயது கடந்தவரின் சம்மதத்தைப் பற்றி. நம் திடல்களில், அதிலும் எடைப் பிரிவுப் போட்டிகளில், ஆடுகிறவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்! ஒப்பந்தச் சட்டத்தின்படி 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 'என் மகனை என் சொந்தப் பொறுப்பில் போட்டிக்கு அனுப்புகிறேன்' என்று பள்ளிகள் அப்பா அம்மாவிடம் எழுதி வாங்குகிற கடிதம் இருக்கிறதே, அனுப்பியது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. பள்ளியின் கவனக்குறைவை அது கழுவிவிடாது. 1995இல் பதான்கோட் அருகேயுள்ள ஒரு பள்ளி சுற்றுலா அழைத்துப்போன 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், உடன்போன ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளியே பொறுப்பு என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் உறுதி செய்தது. பிள்ளையைப் பள்ளி தன் கையில் வாங்கிக்கொண்ட நேரத்தில் அதன் பொறுப்பும் பள்ளியுடையதே.

சட்டம் இருக்கிறது என்றால் ஏன் யாருக்கும் கிடைக்கவில்லை? ஏனென்றால் வழி அவ்வளவு நீளம். சாலையில் அடிபட்டவருக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டாயக் காப்பீடு இருக்கிறது. திடலில் அடிபட்டவருக்கு இரண்டும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 10 லட்சம் கேட்கும் குடும்பம் முதலில் 30,000 கட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையம் எளிது, ஆனால் பள்ளி, கல்லூரி என்றால் அந்தக் கதவும் மூடிக்கிடக்கிறது. கல்வி நிறுவனங்கள் நடத்தும் விளையாட்டு, நீச்சல் உள்ளிட்டவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தீர்ப்பளித்தது. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்கிறது. அது சங்கங்களின் நிர்வாகத் தகராறுகளுக்கானது. மானடிக்குப்பத்துப் பையனின் அப்பா அங்கே போய் நிற்க முடியாது.

காப்பீட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 18 வயது ஆனவர்களுக்குத்தான். அதோடு அது விபத்துக்கு மட்டும். திடலில் இதயம் நின்று இறந்தால், 'இது நோய், விபத்து அல்ல' என்று தட்டிக்கழிக்க இடம் இருக்கிறது. கபடியில் நாம் இழந்த பிள்ளைகளில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்துக்கு இந்தக் காகிதத்தால் என்ன பயன்?

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. இதே பொங்கலுக்கு, இதே தமிழ்நாட்டில், இதைவிட ஆபத்தான ஒரு விளையாட்டை ஒழுங்காக நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். ஜல்லிக்கட்டுக்கு 2017 விதிகளின்படி ஆட்சியர் அனுமதி வேண்டும். வருவாய், காவல், கால்நடை, சுகாதாரம் என எல்லாத் துறையும் முன்கூட்டியே களத்தைப் பார்க்கிறது. இரட்டைத் தடுப்பு கட்டுகிறார்கள். மாடுபிடி வீரரை மருத்துவர் பரிசோதித்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். களத்துக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் நிற்கின்றன. இதற்குப் பிறகும் உயிரிழப்பு நடக்கிறது என்பது உண்மை. ஆனால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது, தவறினால் கேட்க ஆள் இருக்கிறது. வழக்குக்கு மேல் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனதால் வந்த ஒழுங்கு அது. கபடியை யாரும் தடை செய்யக் கேட்கவில்லை, அதனால் அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கபடிக்குக் காவல் நிலையம் தரும் அனுமதிக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். சாதித் தலைவர் படம் கூடாது, ஒலிபெருக்கி இத்தனை மணி வரை, சட்டம் ஒழுங்கு கெட்டால் கமிட்டியே பொறுப்பு. ஊர் அமைதிக்கு இவ்வளவு நிபந்தனை போடத் தெரிந்த கை, ஆடுகிறவன் உடம்புக்கு ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போகும்?

நம் மாநிலத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் ஒரு சாவுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்த பிறகுதான் பள்ளிக் கூரைகளைப் பார்த்தோம். 2012இல் தாம்பரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகன விதிகள். 2021இல் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் கட்டடங்களின் உறுதியை ஊர் ஊராகச் சோதித்தோம். விளையாட்டிலும் பயிற்சியிலும் உயிர்கள் போயிருக்கின்றன. 2012இல் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளி நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்புச் சிறுவன் இறந்தான். 2018இல் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்று சொல்லி மாடியிலிருந்து குதிக்க வைத்ததில் ஒரு மாணவி இறந்தார். பயிற்சி தந்தவர் கைதானார், அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொன்னது. யாரை உள்ளே விடுகிறோம், அவரிடம் என்ன சான்று இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்தப் பெண் இன்று இருந்திருப்பார். இத்தனைக்குப் பிறகும் ஒரு பள்ளி மைதானத்தைச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற வழக்கம் நம்மிடம் வரவில்லை.

மற்ற மாநிலங்களின் பாடமும் நமக்குப் போதும். 2019இல் கேரளத்தின் பாலாவில் இளையோர் தடகளப் போட்டி. ஈட்டி எறிதலையும் சம்மட்டி எறிதலையும் அருகருகே ஒரே நேரத்தில் நடத்தினார்கள். ஈட்டிகளைப் பொறுக்கிக் கொடுக்க நின்ற 16 வயது மாணவன் தலையில் சம்மட்டிக் குண்டு விழுந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் போராடி இறந்தான், போட்டி அதிகாரிகள் மேல் வழக்குப் பாய்ந்தது. 2021இல் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய இளையோர் கபடிப் போட்டியின் பார்வையாளர் மாடம் சரிந்து நூறு பேருக்கு மேல் காயம். 2025 நவம்பரில் ஹரியானாவில் கூடைப்பந்துக் கம்பம் மேலே சாய்ந்து இரண்டு சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். கம்பத்தின் அடியில் துரு ஏறியிருப்பதைப் பார்க்க விஞ்ஞானி வேண்டாம். உங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போய் அந்தக் கூடைப்பந்துக் கம்பத்தையும், கல் வைத்து முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் கோல் போஸ்ட்டையும் ஒரு தரம் கையால் அசைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். கபடி, கைப்பந்து, கால்பந்து என எந்தப் பொதுப் போட்டிக்கும் அனுமதிக் கடிதத்தோடு ஒரு பக்கப் பாதுகாப்பு நிபந்தனையை மாவட்ட நிர்வாகம் இணைக்க வேண்டும். எல்லைக்கோட்டைச் சுற்றி மூன்று மீட்டராவது கம்பம், மேசை, ஆள் எதுவும் இல்லாத வெளி. ஸ்ட்ரெச்சரும் கழுத்துப் பட்டையும் கொண்ட ஆம்புலன்ஸ், நெஞ்சு அமுக்கப் பயிற்சி பெற்ற இருவர். ஆட்டக்காரர் பட்டியலில் வயது, ரத்த வகை, வீட்டாரின் தொலைபேசி எண். மாடம் கட்டினால் பொறியாளர் சான்று. இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் போதும். கோப்பைக்கும் வாணவேடிக்கைக்கும் லட்சக்கணக்கில் நன்கொடை திரட்டத் தெரிந்த கமிட்டிக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாடகை பாரமாகாது.

காப்பீட்டை மட்டும் கமிட்டி தலையில் கட்டக் கூடாது. அதை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் செய்ய வேண்டும். ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்து 'வாருங்கள், ஆடுங்கள்' என்று அழைத்தது அரசு. முதலமைச்சர் கோப்பைக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகளின் விவரமெல்லாம் ஆணையத்தின் கையில் இருக்கிறது. அதே பதிவில் ஒரு குழுக் காப்பீட்டையும் சேர்க்கட்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும், திடலில் இதயம் நின்று இறப்பவர்களையும், முழங்கால் சவ்வு அறுவை சிகிச்சையையும் அது தாங்க வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணிகளில் கண்ணகி நகர்ப் பெண்ணும் வடுவூர்ப் பையனும் இருந்தார்கள். ஜெயித்து வந்தவர்களுக்கு மாலை போட்டோம், பரிசு கொடுத்தோம், அது நியாயம். ஆனால் அதே மண்ணில் விழுந்து படுத்துவிட்டவனையும் அரசு தன் பிள்ளையாகப் பார்க்க வேண்டும். உயிர் போன பிறகு நிவாரண நிதிக்கு மனு எழுதிக் காத்திருக்க வைப்பது பார்ப்பதாகாது.

பள்ளிக் கல்வித் துறை, ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு மைதானத்தின் கம்பம், வலை, கோல் போஸ்ட், குழி ஆகியவற்றைச் சோதித்துக் கையெழுத்திட்ட சான்றைத் தலைமையாசிரியர் அறையில் மாட்ட வைக்கட்டும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே ஐநூறு பிள்ளைகளை மேய்க்கும் பள்ளிகளில் முழுச் சுமையையும் அவர் மேல் போடுவதும் அநியாயம். கம்பம் துருவேறியிருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதையும் விசாரணை கேட்க வேண்டும்.

அரசு அசையும் வரை குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. திடலில் பலத்த அடிபட்டால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று விபத்துப் பதிவேட்டில் சரியாக எழுத வைத்து, ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். கட்டுப் போடுகிறவரிடம் நேராகப் போனால் இந்தப் பதிவு இருக்காது. உயிர் போய்விட்டால், எவ்வளவு வேதனையிலும் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காப்பீட்டுக்கும் வழக்குக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை. சந்தேக மரணம் என்று மட்டும் போலீஸ் பதிவு செய்தால், நடத்தியவர்களின் அலட்சியம் என்னவென்று எழுதிப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த நோட்டீஸையும் வீடியோவையும் பத்திரப்படுத்துங்கள். கட்டணம் வாங்கிய ஜிம்மிலோ அகாடமியிலோ அடிபட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்களே மனு எழுதலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இதற்கும், இறந்தவர் குடும்பம் 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தில் தொடுக்கும் வழக்குக்கும் கெடு இரண்டு ஆண்டுதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்கள், 18 வயதாகாதவர்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தர அந்த ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது.